குருசு என்று சொன்னவள்

அன்னம்மாள் மணப்பாட்டுக் கடற்கரையில் பிறந்தவள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த அந்தோணியைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தாள். பிள்ளைகள் இல்லை. அறுபத்தெட்டாம் வருஷம் அந்தோணி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். கல்லறையில் நட மரச்சிலுவை வேண்டுமென்று தச்சர் மயில்வாகனத்திடம் போனாள்.

"அண்ணாச்சி, வீட்டுக்காரருக்குக் குருசு ஒண்ணு செஞ்சு தாங்க."

"புருசாமா? பாவு நூலுக்குக் கஞ்சி போடுற பிரஷ்ஷா?"

மரத்தூளில் விரலால் வரைந்து காட்டினாள். பட்டறையே சிரித்தது. "சிலுவைன்னு சொல்லுமா. நாங்க என்னாத்த கண்டோம்!" என்றார் தச்சர். அவர் கெட்டவரில்லை, நன்றாகவே செய்து கொடுத்தார். ஆனால் தெருவில் அவளுக்குக் 'குருசம்மா' என்று பேர் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயில் எடுக்கவில்லை. மணப்பாட்டுப் பேச்சும் மெல்ல அவளைவிட்டுப் போயிற்று.

கன்னியாஸ்திரிகளின் சிறிய மருந்தகத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. சில வருஷம் கழித்து மெக்சிகோவிலிருந்து சிஸ்டர் மார்செலா வந்தார். தமிழ் அரைகுறை, மற்றவர்களோடு அதிகம் பேச மாட்டார்.

ஒரு மத்தியானம் சுவரைத் துடைக்கும்போது ஆணி கழன்றது. "ஐயோ, குருசு!" என்று அலறி, விழுந்த சிலுவையைத் தாங்கிப் பிடித்தாள் அன்னம்மாள்.

சிஸ்டர் ஓடி வந்தார். "என்ன சொன்னாய்? குரூஸ்? எங்கள் ஸ்பானிஷ் சொல் அல்லவா!"

"எங்க ஊர்ச் சொல்லுல்லா சிஸ்டர். கப்பல்ல வந்த போர்த்துகீசுச் சாமியார்மார் சொல்லித் தந்தது."

சிஸ்டர் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். போர்த்துகீசிலும் குரூஸ்தான், இத்தாலியில் குரோச்சே, பிரெஞ்சில் குருவா, ருமேனியாவில் குருச்சே. எல்லாவற்றுக்கும் தாய், லத்தீனின் குருக்ஸ். பிறகு குரல் தணிந்தது. "என் அம்மா பேசுவது நாவா. மலைக்கிராமத்து மொழி. அதில் 'ர' கிடையாது. அம்மா கொலோஸ் என்பாள். பள்ளியில் நான் அப்படிச் சொன்னதும் சிரித்தார்கள்."

"சிரிச்சாங்களா?" அன்னம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாக்குக்கு 'க்ரூஸ்'னு ஒட்டி வராதுன்னு நாங்க குருசுன்னு இழுத்தோம். நீங்க கொலோஸ்னு இழுத்திருக்கீங்க."

அதன்பின் தினமும் வேலை முடிந்ததும் இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்து பேசினார்கள். சிஸ்டர் மலையைச் சொன்னார். அன்னம்மாள் கடலைச் சொன்னாள். பாதி புரியாது. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மறுவருஷம் விசா முடிந்து சிஸ்டர் ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் திருச்சிப் பக்கம். அழகான தமிழ், அன்பான பேச்சு. "சிலுவையைத் துடைச்சாச்சாம்மா?" என்று கேட்பார்.

"ஆச்சு சிஸ்டர்" என்பாள் அன்னம்மாள். அதற்கு மேல் அவரிடம் பேச அவளுக்கு எதுவும் இருக்கவில்லை.