வீட்டுக்கு ஒரு சீட்டு

எங்கள் ஊர்ச்சங்கத்துக்குத் தலைவரை அங்கத்தவர்கள் தெரிவுசெய்வதில்லை. ஊர் பகுதி பகுதியாகப் பிரிந்திருந்த குறிச்சிகளுக்கு வருடத்துக்கொன்றாக முறை வைத்து, நிர்வாகசபை ஓர் ஆளைப் பிடித்து மாலை போட்டுவிடும். அந்தக் குறிச்சிக்காரர்கள் இப்போது கடல் கடந்து வந்து அஜின்கோர்ட்டிலும் ரூஜிலும் பிக்கரிங்கிலும் கலந்து கிடக்கிறார்கள். முறை மட்டும் குலையாமல் விமானம் ஏறி வந்துவிட்டது.

இந்த வருடம் எங்கள் குறிச்சியின் முறை, அதாவது என் கணவரின் முறை. ஏற்புரையைக்கூட கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான், தலைவரை எல்லோரும் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்ய வேண்டுமா என்று சங்கம் சர்வசன வாக்கெடுப்பு வைத்தது. 'வேண்டும்' வென்றால் அவருடைய முறை போய்விடும்.

இந்த முறை வைக்கிற வேலை அநியாயம் என்று வருடக்கணக்காக வாய் கிழியக் கத்தியவள் நான். இப்போது அநியாயம் எங்கள் வாசலுக்கே வந்ததும் அதற்கு நல்ல முகவெட்டு இருப்பதாகத் தெரிந்தது. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

வாக்கெடுப்பு ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். குடும்ப அங்கத்துவம் என்பதால் வீட்டுக்கு ஒரு சீட்டு. வழக்கம்போல அவர் கையில் கொடுத்தார்கள். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தாரும், நீரே போடும்."

"என்னப்பா, விளையாடுறியளோ?"

"உம்மட கதையைக் கேட்டுக் கேட்டு எது சரியெண்டு எனக்கே தெரியேல்லை. போடும்."

இது அன்பா, பழியை என் தலையில் கட்டுகிற கெட்டித்தனமா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் நின்ற அன்ரி, "கெதியாப் போடு பிள்ளை, வடை ஆறுது," என்றார். 'வேண்டும்' என்பதற்கு நேரே புள்ளடியைப் போட்டேன்.

'வேண்டும்' வென்றது. எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். எனக்குத்தான் வடை இறங்கவில்லை.

காரில், "என்ன போட்டனீர்?" என்று கேட்டார்.

"வேணுமெண்டு."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். பிறகு, "அப்ப நானும் எலெக்சன் கேக்கப்போறன். எனக்குப் போடுவீரோ?" என்றார்.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"அந்தச் சீட்டையும் உங்கட கையிலைதானே தருவினம்," என்றேன். "என்னட்டை என்னத்துக்குக் கேக்கிறியள்?"

சிக்னல் பச்சையாகியும் அவர் காரை எடுக்கவில்லை.