எங்கள் தலைக்கட்டு

புரசைவாக்கத்தில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடம் கிடைத்ததும், என் கணவர் அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார். எண்ணூரில் எங்கள் குப்பத்தை ஒட்டித் துறைமுகத்தை நீட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து மறியல், போலீஸ், கேஸ் என்று அவருக்கு அலுத்துப்போயிருந்தது. எனக்கும் ஆசைதான். பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டிவிட்டேன்.

ஊரைவிட்டுப் போகிற குடும்பம் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டுப் போகவேண்டும். எங்களுக்கு அடுப்பெரிகிற வீடுதான் ஒரு தலைக்கட்டு. பூட்டிய வீட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சொல்லப் போனேன். ஊர்த்தலைவர் முகம் சுளிக்கவில்லை.

“புள்ள படிப்புக்குதானே, சந்தோசமா போம்மா. நாளைக்கு ஆபீசருங்க வந்து எத்தினி தலைக்கட்டு கீதுன்னு கேட்டா, ஒன்னு கொறச்சி சொல்லிக்கிறேன். அவ்ளோதான்.”

எனக்குச் சுருக்கென்றது. எங்களைத் துரத்த எவனும் மெனக்கெட வேண்டியதில்லை. ஆளாளுக்கு ஒரு நல்ல காரணம் சொல்லிக் கிளம்பினாலே குப்பம் காலியாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையைப் பிரித்தேன். “இன்னா பண்ணிகினு கீற?” என்று கணவர் பதறினார்.

“பொண்ணு ரயிலேறி, பஸ் மாறிப் போய் படிச்சிட்டு வரட்டும். நீ போறதுன்னா போயா. என் அடுப்பு இங்கதான் எரியும்.”

அவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். ஆனால் போகவில்லை.

மகள் இப்போது விடிவதற்குள் கிளம்பிவிடுகிறாள். அவளுக்குச் சோறு கட்டவேண்டுமே, அதனால் தினமும் குப்பத்தில் முதலில் எரிவது எங்கள் அடுப்புதான்.