குழாயடிக் கோப்பை

தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் மீனாம்பாள் பின்கதவால் வெளியே போவாள். தோட்டத்துக் குழாயடியில் குந்தி, தன் கோப்பையை மட்டும் கழுவி, வாளிக்குப் பின்னால் கவிழ்த்து வைப்பாள். ஜூலை மாதத்து சிட்னி நார்த்மீட் குளிரில் அந்தத் தண்ணீர் விரலைக் கடிக்கும். உள்ளே குசினியில் சுடுதண்ணீர்க் குழாய் இருக்கிறது. என் மனைவி மார்கரெட் அந்தக் கோப்பையை எடுத்து வந்து மற்றக் கோப்பைகளோடு அடுக்குவாள். மறுநாள் அது மறுபடி வாளிக்குப் பின்னால் இருக்கும். மீனாம்பாள் எங்களோடு இருக்க வந்த நாள் முதல் இந்தச் சண்டை. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மீனாம்பாளுக்கு வயது முப்பது இருக்கும். "மழக்காலத்துல பொறந்தேன்னு அப்பா சொன்னாருங்க அண்ணே" என்பாள். தேயிலைத் தோட்டத்தில் எது மழைக்காலம் இல்லை என்று கேட்டால் சிரிப்பாள். செவன் ஹில்ஸ் பாக்டரி ஒன்றில் பிஸ்கட் அடுக்குகிற வேலை. ரேடியோ விளம்பரங்களை அர்த்தம் தெரியாமலே ராகத்தோடு பாடுவாள். இரவில் அறைக் கதவை உள்ளே பூட்டுவாள். திறக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு மறுபடி பூட்டுவாள்.

ஏழெட்டு வயதில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து கொழும்பில் ஒரு கட்சித் தலைவர் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டவள். வேலைக்குச் சேர்ந்தவள் என்று எழுத எனக்குக் கை வராது. தலைவர் மேடையில் தொழிலாளர் உரிமை பேசுவார். அவர் மனைவி இராஜேஸ்வரி, மகனின் படிப்புக்காக சிட்னியில் வீடு எடுத்தபோது இவளையும் கொண்டுவந்தார். பாஸ்போர்ட் இராஜேஸ்வரி அம்மாவின் அலுமாரியில். படுக்கை சலவை மெஷினுக்குப் பக்கத்தில். அவளுக்கென்று ஒரு எனாமல் தட்டு, ஒரு எனாமல் கோப்பை. இரண்டுக்கும் இடம் வெளிக் குழாயடி.

சட்டை தைத்துக் கொடுக்க அளவெடுக்கவென்று அந்த வீட்டுக்குப் போன மார்கரெட், சம்பளம் என்ன என்று இவளிடம் கேட்டிருக்கிறாள். "சம்பளமாக்கா? அதான் சோறு போடுறாங்களே." மார்கரெட் அன்றைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பாஸ்போர்ட்டை அவள் கேட்டு வாங்கிய விதத்தை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. போன வருடம் வீசா முடிந்தவர்களுக்கு அரசாங்கம் மன்னிப்பு அறிவித்தபோது, இவளுக்கும் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இராஜேஸ்வரி அம்மா எங்கள் வாசலில் டாக்சியில் வந்து இறங்கினார். மீனாம்பாள் கதிரையை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"எடி மீனா, நல்லா மெலிஞ்சு போனாய். ஊரில எலக்சன். வீடு நிறையச் சனம் வரும், நீ இல்லாமல் எனக்கு ஏலாது. உனக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. வெளிக்கிடு."

மார்கரெட் வாயைத் திறந்தாள். "நீ பேசாதை, அவள் சொல்லட்டும்" என்றேன்.

மீனாம்பாளின் கால் அறைப் பக்கம் திரும்பியது. இருபது வருடப் பழக்கம். போய்ப் பெட்டியைக் கட்டிவிடுவாள் என்றே நினைத்தேன்.

அம்மா கைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். "இஞ்ச பார், உன்ர கோப்பை. நான் எறியேல்லை. உனக்கெண்டு பத்திரமா வச்சனான்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் விசயமே.

மீனாம்பாள் அதை வாங்கினாள். எனாமல் உதிர்ந்து கறுத்த விளிம்பை விரலால் தடவினாள். "இருங்கம்மா, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று குசினிக்குப் போனாள்.

நாலு பீங்கான் கோப்பைகளோடு வந்தாள். அம்மாவுக்கு ஒன்று, எங்களுக்கு இரண்டு. நாலாவதை எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தாள். ஊதி ஊதிக் குடித்தாள்.

"நாளைக்குக் காலை ஷிப்டுங்கம்மா. நான் வரல."

"நன்றி கெட்டவளாப் போனாய் நீ."

"அப்படியே வச்சுக்கங்கம்மா. ஐயா ஜெயிக்கட்டும்." எனாமல் கோப்பையை மறுபடி காகிதத்தில் சுற்றி அம்மாவின் கைப்பைக்குள் வைத்தாள். "இது உங்க வீட்டுச் சாமான்."

டாக்சி திரும்பிப் போனது. மார்கரெட் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. நானும் அப்போதுதான் ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்தேன்.

மீனாம்பாள் கோப்பைகளைச் சேர்த்து எடுத்தாள். மூன்றைக் குசினியில் வைத்துவிட்டு, தன்னுடையதோடு பின்கதவு வரை போனாள். கைப்பிடியைத் தொட்டவள் நின்றாள். திரும்பி வந்து நாலையும் ஒரே தொட்டியில் போட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.