உல்டா பீஸ்

காஞ்சிபுரத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கோரஸ் பாடத்தான் சேர்ந்தேன். அப்போது பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்து, கிட்டாரைக் கீபோர்டு அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கீபோர்டு அக்கா என்பவர் எங்கள் குழுவின் தலைவி. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஒத்திகை அவர் வீட்டு மாடியில்தான் நடக்கும். ஒருநாள் மற்றவர்கள் வர நேரமாயிற்று என்று அந்தக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து ஒரு தந்தியை மீட்டினேன். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் கூட இணைக்கவில்லை. மரத்தின் அதிர்வு நெஞ்செலும்பில் வந்து நின்றது. அன்றோடு கோரஸில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

ஒரு சிக்கல் இருந்தது. நான் பீச்சாங்கைக்காரி. பகலில் தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இரத்தம் எடுக்கும் வேலை. வலது கை விரலால் நரம்பைத் தடவிப் பார்த்து, இடது கையால் ஊசி போடுவேன். கிட்டாரையும் கை தானாக அப்படித்தான் பிடித்தது. ஆனால் அது வலது கைக்காரருக்குச் செய்த கிட்டார். நான் திருப்பிப் பிடித்தால் மேலே இருக்கவேண்டிய தடித்த தந்தி கீழே போய்விடும். கைபேசியில் பாடம் பார்த்து, பார்த்ததைத் தலைகீழாக மாற்றி, எட்டு மாதம் அப்படியே வாசித்தேன்.

"எப்படி வேணா புடி. சுருதி மட்டும் தப்பாம இருந்தா போதும்" என்றார் அக்கா.

எட்டு மாதம் கழித்து வளைகுடாக்காரர் திரும்பி வந்து கிட்டாரை வாங்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவருடையது. ஆனால் அவர் எங்களிடம் திரும்பி வரவில்லை, சென்னையில் ஒரு குழுவில் சேர்ந்துவிட்டார். பேஸ் பகுதியை அக்காவே கீபோர்டில் இடது கையால் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"நீயே ஒண்ணு வாங்கிடு. ஆவணியில ஒரு ரிசப்ஷன் ஒத்துக்கினு இருக்கேன். அதுக்குள்ள" என்றார் ஒருநாள்.

என்னிடம் எட்டாயிரம் ரூபாய் இருந்தது. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் வீடுகளுக்குப் போய் இரத்தம் எடுத்து வருவேன். வெறும் வயிற்றில் கொடுக்கவேண்டிய சர்க்கரைப் பரிசோதனைதான் பெரும்பாலும். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் மட்டும் ஒரு தெருவுக்கு ஐந்தாறு வீடு தேறும். தறியை நிறுத்தாமல் ஒரு கையை மட்டும் நீட்டுபவர்களும் உண்டு. அப்படிச் சேர்த்த பணம். என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஐயம்பேட்டை வழியாக வாலாஜாபாத் வரைக்கும். அந்தப் பணத்தை எதற்குச் சேர்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை கூடக் கேட்டதில்லை.

முதலில் சென்னைக்கு ரயில் ஏறிப் போனேன். கடையில் சுவர் முழுக்கக் கிட்டார்கள். விற்பனையாளர் என் சுடிதாரையும் சாப்பாட்டுப் பையையும் பார்த்துவிட்டு, "பையனுக்கா மேடம்?" என்றார்.

"எனக்குத்தான். லெஃப்ட் ஹேண்ட் பேஸ் வேணும்."

"லெஃப்ட்டா? ஆர்டர் போடணும். ரெண்டு மாசம் ஆவும். விலையும் ஏறும் மேடம். கத்துக்கறதுக்குத்தானே, ரைட்டே வாங்கிக்குங்க, பழகிடும்."

அவர் சொன்ன விலை என்னிடம் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு. இருந்தாலும் அங்கிருந்த ஒரு நல்ல பேஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எது நல்லது, எது மட்டம் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கழுத்தின் முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் கடைசிவரை நேராகப் போகவேண்டும். கழுத்தின் குறுக்கே பதித்த ஒவ்வொரு கட்டையிலும் அழுத்திப் பார்த்தால் தந்தி எங்கும் உரசிக் கரகரக்கக் கூடாது. பளபளப்பு முக்கியமில்லை. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவரும் அதே விற்பனையாளர்தான். அதற்காக நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ரயிலில் வரும்போது மட்டும் எரிச்சலாக இருந்தது. பழகிடும் என்பதை நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டு வருகிறேன்.

அதன்பிறகு கைபேசியில் பழைய சாமான் விளம்பரங்களைத் தேட ஆரம்பித்தேன். செங்கல்பட்டில் ஒன்று இருந்தது. போய்ப் பார்த்தால் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தது. இராணிப்பேட்டையில் ஒன்று, நான் கிளம்புவதற்கு முன்பே விற்றுவிட்டது. எதுவும் இடது கைக்கானதில்லை. திருப்பிப் பிடித்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது.

கறுப்பு பேஸ் கிட்டார் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து எடுத்திருந்தார்கள். கீழே ஒரே வரி: "பேஸ் கிட்டார், கொஞ்சம் ஃபால்ட், ஆறாயிரம், வாலாஜாபாத்." படத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் தப்பான பக்கத்தில் இருந்தன. படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழுந்திருக்கும் என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விட்டேன். ஏதோ தோன்றித் திரும்பி வந்தேன். கிட்டாருக்குப் பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. படத்தைப் பெரிதாக்கினேன். நாட்காட்டியின் எழுத்துகள் நேராக இருந்தன.

அப்படியென்றால் படம் திரும்பவில்லை, அது இடது கைக் கிட்டாரேதான். விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு உடனே கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஆட்டோவில் பயணிகளை ஏற்றாமல் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வாலாஜாபாத் கடைத்தெருவை ஒட்டிய ஒரு பெரிய கிடங்கு அது. கல்யாணத்துக்குப் பந்தல், பாத்திரம், ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு விடும் இடம். உரிமையாளர் ஒரு பாய். அறுபது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு குழு கலைந்தபோது அவர்களுடைய சாமான்களை மொத்தமாக வாங்கியதாகவும், மற்றதெல்லாம் போய்விட, இது மட்டும் நின்றுவிட்டதாகவும் சொன்னார்.

"முன்னாடியே சொல்லிட்றேம்மா. இது உல்டா பீஸ். நாலஞ்சு பேர் வந்து பாத்தாங்க. கைல எடுக்கறாங்க, மொறைச்சு பாக்கறாங்க, வெச்சிட்டு போய்ட்றாங்க. ஒருத்தர் கம்பியெல்லாம் கழட்டி மாத்தி போட்டு பாத்தாரு, அப்பவும் சுருதி நிக்கல. கம்பெனிலயே தப்பா பண்ட்டாங்க போல."

வாங்கி மடியில் வைத்தேன். வைத்ததுமே தெரிந்துவிட்டது. உடலின் நீண்ட கொம்பு என் பக்கம் சரியாக மேலே வந்தது. திருகுகள் கீழே, இடது கை போய் விழும் இடத்தில் இருந்தன. கழுத்தின் முனையில், தந்திகள் உட்காரும் நான்கு பள்ளங்களைப் பார்த்தேன். தடித்த தந்தி சின்னப் பள்ளத்தில் இறங்க முடியாமல் மேலே தொத்திக்கொண்டிருந்தது. மெல்லிய தந்தி பெரிய பள்ளத்தில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ வலது கைக்காரர் தனக்குத் தோதாகத் தந்திகளை மாற்றிப் போட்டிருக்கிறார். ஃபால்ட் அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். பாய் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது காதருகே குனிந்து, "பேசாம பணத்த குட்துட்டு எட்துக்கினு போய்டலாமா?" என்றார்.

எனக்கும் அந்த ஆசை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசித்துப் பார்க்காமல் வாங்கிப் போய், வீட்டில் வேறு ஏதாவது கோளாறு தெரிந்தால் இத்தனை நாள் காலைநேரத்தில் சேர்த்த பணம் போச்சு. தந்தியை மாற்றினால்தான் வாசிக்க முடியும். மாற்றினால் விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மனிதரோ முதல் வார்த்தையிலேயே குறையை ஒளிக்காமல் சொன்னவர்.

"பாய், இது கெட்டுப்போன பீஸ் இல்ல. பீச்சாங்கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. கம்பிய பழையபடி மாத்திப் போட்டா சரியாய்டும். இங்கயே மாத்திப் பாக்கட்டுமா?"

வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பீச்சாங்கைக்குத் தனியா செய்றாங்களா!" என்றார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "மாத்துமா, பாக்கலாம்" என்று எதிரே உட்கார்ந்துகொண்டார்.

நல்லவேளையாகத் தந்தியை யாரும் நறுக்கியிருக்கவில்லை, மிச்சத்தைச் சுருட்டி விட்டிருந்தார்கள். துருவேறிய தந்திகள்தான். அரை மணி நேரம் ஆயிற்று. நான்கும் தத்தம் பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்தன. கழுத்தின் முனையில் கண்ணை வைத்தேன். கடைசிவரை நேராகப் போயிற்று. கைபேசியில் சுருதி சேர்த்துவிட்டு, ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனேன். எங்கும் உரசல் இல்லை. பாய் ஒரு ஆம்ப்பைத் தூசி தட்டிக் கொண்டுவந்து இணைத்தார். கர்ர்ர் என்று ஒரு இரைச்சல்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பேரம் பேச ஒரு குறை வேண்டுமே.

"இரு இரு, ஒயர் லூசா இருக்குது" என்று வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு ஓடினார். ஸ்பேனரோடு வந்து, ஒயர் செருகும் இடத்தில் இருந்த நட்டை இரண்டு திருகு திருகினார். இரைச்சல் நின்றுவிட்டது. பெருமையாக என்னைப் பார்த்தார். நான் பார்த்த பார்வைக்கு அர்த்தம் அவருக்கு வீட்டுக்கு வந்துதான் புரிந்தது.

பிறகு வாசித்தேன். தடித்த தந்தி மேலே, மெல்லியது கீழே. எட்டு மாதம் தலைகீழாகப் பழகிய விரல்கள் முதல் இரண்டு நிமிடம் தடுமாறின. மூன்றாவது நிமிடம், யாரோ வழியை விட்டு விலகி நின்றதுபோல் எல்லாம் நேராக வந்தது. ஒத்திகையில் வாசிக்கும் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கிடங்கின் அலமாரியில் அடுக்கியிருந்த அண்டாக்களும் தாம்பாளங்களும் கிணுகிணு என்று அதிர்ந்தன. பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். பாய் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நிறுத்தியதும் அவர் சொன்னார். "இப்ப இது நல்ல பீஸ் ஆய்டுச்சேமா. பத்தாயிரம் போட்லாம்."

"போட்லாம் பாய். இந்தக் கையால வாசிக்கிறவங்க இதுவரைக்கும் எத்தினி பேர் வந்தாங்க?"

"நீ ஒருத்திதான்."

"இனிமே எத்தினி பேர் வருவாங்க?"

அவர் கடகடவென்று சிரித்தார். "பொழைச்சுக்குவம்மா நீ." கடைசியில் ஏழாயிரத்துக்கு முடிந்தது. கேட்காமலே உள்ளே போய் ஒரு தோள்பட்டையும் உறையும் கொண்டுவந்து கொடுத்தார். மிச்சத்தில் புதுத் தந்தி வாங்கிக்கொள்ளலாம். வரும்வழியில் ஆட்டோவில் கிட்டார் இரண்டு பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது. கை காட்டியவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர், "இடமில்லபா, புக்கிங்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆவணியில் அந்த ரிசப்ஷன் வந்தது. காஞ்சிபுரத்திலேயே ஒரு மண்டபம், நல்ல கூட்டம். ஒலி அமைப்புக்கு வந்திருந்தவர் ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லி அளவு வைத்தார். என் முறை வந்ததும், "பேஸ் மேடமா?" என்று கேட்டுவிட்டு, நான் வாசித்து முடிப்பதற்குள் என் ஒலியை ஓரமாகக் கீழே இறக்கி வைத்துவிட்டார். அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. தெலுங்கு ஆரம்பமாவதற்குள் நான் தலையாட்டி அடக்கினேன்.

முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. நான் வாசித்தது எனக்கே பாதிதான் கேட்டது. அக்கா மட்டும், வேலை இல்லாமல் போன தன் இடது கையைத் தூக்கி எனக்கு ஆட்டிக் காட்டிவிட்டு, அதில் வயலின் ஒலியை வைத்து ஜோடிக்க ஆரம்பித்தார். எங்கள் பாட்டுகள் அவ்வளவு நிறைவாக ஒலித்து நான் கேட்டதில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவே பாடகி நிறுத்த, டிரம்மும் நானும் மட்டும் வாசிக்கும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் ஒலி அமைப்பாளர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே அவர் விரல் மெதுவாக என் ஒலிக்கான பொத்தானை மேலே தள்ளியது. மேடைப் பலகை என் காலுக்கடியில் அதிர ஆரம்பித்தது. முன்வரிசையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தலைகள் ஒன்றுபோல் ஆடின. மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கினாள். அந்தப் பாட்டை இன்னொரு முறை கேட்டார்கள். வாசித்தோம். மூன்றாவது முறையும் கேட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் சாப்பிடக் கிளம்பியபோது ஒலி அமைப்பாளர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"மேடம், அடுத்த மாசம் ஒரு பெரிய குரூப்புக்கு பேஸ் ஆள் தேடிக்கினு இருக்காங்க. உங்க நம்பர குடுங்க."

இலையில் பரிமாறிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் தூரத்திலிருந்து கையாட்டினார். நான் அசையவில்லை. நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் எழுதியதும், திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன்.