பந்தக்கால் நட்ட வீட்டுக்கு

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது மலேசியாவில் ஒரு மனித உரிமை அமைப்பில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. செஞ்சி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் என் நைனா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "பொண்ணு ஃபாரின்ல கேஸ் நடத்தப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே செய்தது ஜெராக்ஸ் எடுப்பதும் கோப்புகளை அடுக்குவதும்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான்காவது வாரம், ஒரு திங்கட்கிழமை, தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். பர்மிட் முடிந்து பிடிபட்டவர்களை ஊருக்கு அனுப்பும்வரை அடைத்துவைக்கும் இடம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பது வயதிருக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஓட்டலில் வேலை பார்த்தவர். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். சொந்த ஊர் அவலூர்பேட்டை என்றார். நான் செஞ்சி என்றேன்.

"செஞ்சில எங்க?"

"கடைத்தெருவுல. உரக்கடை."

"அட, எங்க நைனா அங்கதான யூரியா வாங்குவாரு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

எங்களுக்குக் கொடுத்திருந்தது அரை மணி நேரம். அதில் பாதிக்கு மேல் ஊர்ப் பேச்சிலேயே போயிற்று. மழை உண்டா, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, செஞ்சி பஸ் இன்னும் அதே கூட்டம்தானா. அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. ஒரு மாதமாக யாரும் என்னிடம் "இன்னா" என்று கேட்டிருக்கவில்லை.

படிவத்தின் கடைசியில் வீட்டாரின் போன் நம்பருக்கு ஓர் இடம் உண்டு. நம்பர் இருந்தால் அன்றே தகவல் சொல்லி, மறுநாள் அவரை வீட்டாரோடு பேச வைப்போம். அது எங்கள் அலுவலக நடைமுறை. நான் கேட்டதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாம் பாப்பா. ஞாயித்துக்கெழம தங்கச்சிக்குக் கல்யாணம். இந்நேரம் பந்தக்கால் நட்டிருப்பாங்க. நான் ஜெயில்ல கெடக்கறது அவுங்க காதுல விழக்கூடாது. தாலி ஏறட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

எங்கள் பக்கத்தில் பந்தக்கால் நட்ட வீட்டுக்குக் கெட்ட செய்தி கொண்டுபோக மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் சாவு விழுந்தால்கூட அந்த வீட்டாரைக் கூப்பிடுவதில்லை. நான் தலையாட்டிவிட்டு, நம்பர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன்.

அலுவலகத்தில் மூத்த வழக்கறிஞர் படிவத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் பேசாவிட்டாலும் நம்பரையாவது வாங்கி வை, நாளைக்கே மறுபடி போ என்றார். "இது எங்க ஊர் வழக்கம், உங்களுக்குப் புரியாது" என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு. அந்த அலுவலகத்தில் எல்லோரையும்விட எனக்கு அதிகம் தெரிந்த விஷயம் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிடைத்திருந்தது. அவர் என்னை நம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முகாமிலிருந்து செய்தி வந்தது. அந்த அவலூர்பேட்டைக்காரர் காய்ச்சல் முற்றி முந்தின நாளே இறந்துவிட்டார்.

நம்பர் இல்லாததால் தூதரகம் வழியாக வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்து முடிந்திருந்தது.

ஊர் திரும்பியதும் அவலூர்பேட்டைக்குப் போனேன். அவருடைய அம்மாவின் முன்னால் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். புது மஞ்சள் கயிற்றோடு தங்கை சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"கல்யாணத்த வேற நாள் வச்சிருப்போமேக்கா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா அவன் போனு இல்ல. நீதான் கடைசியா பேசிருக்க. எப்டி இருந்தான் எம்புள்ள?"

"நல்லா பேசினாருமா. சிரிச்சாரு. இருமல் மட்டும் இருந்துச்சு."

"மாத்திர குடுத்தாங்களான்னு கேட்டியாம்மா?"

படிவத்தில் அந்தக் கேள்வியும் இருந்தது. ஊர்ப் பேச்சில் நேரம் போய்விட்டதால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தேன்.

"கேக்கலமா" என்றேன்.