உதைக்காத துப்பாக்கி

பாஸ்கர் எனக்குச் சொன்ன ஒரு விஷயத்தைப் பல வருடங்களாக நான் சந்தேகப்பட்டு வந்திருக்கிறேன். அடியோடு நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. சில காலைகளில், கார் ஓட்டிக்கொண்டு போகும்போது, அது உண்மை என்றே தோன்றும். கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும் அந்த நம்பிக்கை போய்விடும்.

கனம் குறையக் குறைய விலை ஏறும் ஒரு பொருளை விற்பது என் தொழில். வேட்டைத் துப்பாக்கியில் கை பிடிக்கிற, கன்னம் சாய்கிற, தோளில் பதிகிற பகுதி இருக்கிறதே, அந்தக் கட்டை. இங்கே ஸ்டாக் என்பார்கள். முன்பெல்லாம் வால்நட் மரத்தில் செய்தார்கள். இப்போது கார்பன் ஃபைபர். வெளியே கறுப்பு இழை, உள்ளே நுரை. ஹூஸ்டன் புழுக்கத்தில் மரம் ஊதும், இது ஊதாது. எண்ணெய் கம்பெனி ஒன்றில் இதே இழையில் குழாய் செய்துகொண்டிருந்தேன். அந்த வேலை போனதும் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊரில் டேல் என்பவரின் கடையில் சேர்ந்தேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வருகிறவர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நாம் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும்.

வயிற்றைப் பற்றிப் பேசாதே

சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற சுற்றளவு. தன் துப்பாக்கியில் கால் கிலோவாவது குறைக்க வேண்டும், மலையேறும்போது மூச்சு வாங்குகிறது என்றார். நான் எஞ்சினியர் புத்தியோடு, சுமக்கும் மொத்த எடை என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் துப்பாக்கி மிகச் சிறிய பங்கு என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் பார்வை எங்கே போகிறது என்பதையும் கவனித்தார் போலும். கட்டையைக் கையில் எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தபடியே சொன்னார்: "மற்ற எடையைப் பற்றிப் பேச எனக்கு ஒரு டாக்டர் இருக்கிறார். நீ இதைப் பற்றிப் பேசு."

பெட்டித் தராசு

பாஸ்கர் முதல் முறை கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. என் வயதுதான் இருக்கும், கேட்டியிலேயே வீடு, மென்பொருள் வேலை. என்னைப் பார்த்ததும் தமிழா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தார். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அதேதான். சுவரில் இருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒரு துணிக்கயிற்றில் கட்டி, கொக்கியில் மாட்டித் தூக்கினார். டேல் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

ஒவ்வொரு கட்டையின் எடையும் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது, எங்களிடம் நல்ல மின் தராசும் இருக்கிறது என்று நான் மெதுவாகச் சொன்னேன். பெட்டித் தராசு இவ்வளவு சின்ன எடைக்குச் செய்ததல்ல என்பதையும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கடைசியில், எல்லாவற்றிலும் மெலிதான, எல்லாவற்றிலும் விலை அதிகமான கட்டையைத் தொங்கவிட்டார். தராசு எதையும் காட்டவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"வருஷா வருஷம் சென்னை போறேன் சார். ஏர்போர்ட்ல ஒரு தடவைகூட பெட்டியைத் திறக்க வெச்சதில்ல இந்தத் தராசு. இதுவே ஒண்ணும் இல்லைங்குது. இதையே குடுங்க."

தேங்காய்

அந்தக் கட்டைக்கு முன்பணம் கட்டிப் போன நாலாம் நாள் அவர் மனைவி நளினி வந்தார். கூட யாரும் இல்லை. சுவரில் இருந்த கட்டைகளை ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடைகளில் தேங்காய் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தார். கார்பன் கட்டை தட்டினால் கொஞ்சம் ஓங்கிக் கேட்கும். உள்ளே காலியா என்றார். நுரைதான் என்றேன்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். பாஸ்கருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து ஒரு வருடமாகிறது. டாக்டர் நடக்கலாம் என்றிருக்கிறார், கனம் சுமக்காதே என்றிருக்கிறார், சுடும்போது துப்பாக்கி பின்னால் தோளில் உதைப்பதைப் பற்றி இன்னொரு முறை உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார். அந்த இன்னொரு முறைக்கு பாஸ்கர் போகவே இல்லை. வருடாவருடம் கொலராடோ மலைக்கு வேட்டைக்குப் போகிறவர். இந்த அக்டோபரும் போவேன், போகாவிட்டால் இனி எப்போதும் போக மாட்டேன் என்கிறாராம். வீட்டில் இதைப் பற்றிப் பேசிப் பேசி, இப்போது யாரும் பேசுவதில்லையாம்.

நான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயார் என்றேன். நளினி தலையாட்டி மறுத்தார். சுவரில் ஓரமாக, பழைய வால்நட் கட்டை ஒன்று தூசியோடு தொங்கியது. அதைக் காட்டினார்.

"வெயிட் கம்மியா இருந்தா இன்னும் தூரம் போவார் அண்ணா. இந்த மாதிரி கனமா ஒண்ணு குடுங்க, பாதி வழியிலயே திரும்பி வந்துடுவார்."

ரப்பர் மெத்தை

நளினி வந்துபோனதை நான் பாஸ்கரிடம் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது. கட்டை தேர்ந்தெடுப்பதில் இருக்கும் சங்கடமே இதுதான். துப்பாக்கி கனமாக இருந்தால் உதையில் பாதியை அதுவே வாங்கிக்கொள்ளும். கனத்தைக் கழித்தால் அந்த உதையும் தோளுக்கு வந்துவிடும். காலுக்கு நல்லது தோளுக்கு ஆகாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கும் மனிதருக்கு நான் எதைக் கொடுப்பது?

அடுத்த முறை வந்தபோது உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினேன். கட்டையின் முனையில் தடித்த ரப்பர் மெத்தை வைக்கலாம், உதையை வாங்கிக்கொள்ளும். மெல்ல உதைக்கும் தோட்டாக்களும் கிடைக்கும். உதையைக் குறைக்கக் குழல் முனையில் பொருத்தும் ஒரு சாதனமும் இருக்கிறது. வானிலை அறிக்கை கேட்பது போல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மெத்தை எவ்வளவு எடை என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொன்னேன். வேண்டாம் என்றார். சாதனம் எவ்வளவு எடை என்றார். அதுவும் வேண்டாம் என்றார். குரலை உயர்த்தி, உதை என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டுவிட்டேன். இருபது வருடமாக வேட்டைக்குப் போகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது. அவர் கோபப்படவில்லை.

"அது சுடறப்பதானே சார். தூக்கறது நாள் முழுக்க."

கண்ணை மூடி

கட்டை ஆளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. கண்ணை மூடச் சொல்வோம். மூடிய கண்ணோடு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். தலையை அசைக்காமலே பார்வை நேராகத் துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியின் நடுவில் விழுந்தால் கட்டை அவருடையது.

அன்று மத்தியானம் வெளியே மழை. கடையில் வேறு யாரும் இல்லை. காலி என்று மூன்று முறை சரிபார்த்த துப்பாக்கியை பாஸ்கர் தோளில் வைத்தார். கன்னம் சாய்ந்தது. கண் திறக்கவில்லை. நான் காத்திருந்தேன். மழை கூரைத் தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அவர் மூச்சு மெதுவாகி, தோள் இறங்கி, உதடு லேசாகத் திறந்தது. கேட்டியில் ஒரு கடைக்குள் நிற்கிற ஆளாக அவர் எனக்குத் தெரியவில்லை. எனக்கே காலடியில் கொஞ்சம் ஈரப்புல் இருப்பது போலவும், எங்கோ கீழே தண்ணீர் ஓடுவது போலவும் இருந்தது. கொலராடோவுக்கு நான் போனதே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. கூப்பிடலாம் என்று நான் வாயெடுத்தபோது டேல் என் கையைப் பிடித்தார். கிசுகிசுப்பாக, ஆங்கிலத்தில் சொன்னார்.

"விடு. அவர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்."

எலுமிச்சம்பழம்

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியற்காலை அவர்கள் கிளம்புவதாக ஏற்பாடு. பாஸ்கரும் பக்கத்து வீட்டு அமெரிக்க நண்பரும் காரிலேயே போகிறார்கள். பூஜைக்கு என்னைச் சுண்டலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். லேப்டாப், கார் சாவி, நளினியின் தையல் மிஷின், பாஸ்கரின் டிரில், இவற்றுக்கு நடுவில் நான் பொருத்திக் கொடுத்த துப்பாக்கி. கறுப்புக் கட்டையில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. மற்ற வீடுகளில் ஆயுத பூஜைக்கு வைப்பதெல்லாம் சாவியும் ஸ்பானரும்தான். இங்கே நிஜ ஆயுதம் ஒன்று இருந்ததால் எல்லோரும் அதைக் கொஞ்சம் தள்ளி நின்றே கும்பிட்டோம்.

கற்பூரம் காட்டி, கார் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கியும் ஆயிற்று. பாஸ்கர் துப்பாக்கியைப் பெட்டியில் வைக்க எடுத்தார். நளினி அப்போது தடுத்தார். பூஜையில் வைத்த பொருளை விஜயதசமியன்று புனர்பூஜை முடிக்காமல் உபயோகிப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. அவர்களோ விஜயதசமி விடிவதற்குள் கிளம்புகிறார்கள். நெஞ்சு, டாக்டர், வயது என்று எல்லாவற்றையும் சொல்லித் தோற்ற பெண், கடைசியாகக் கையில் இருந்த ஒன்றை எடுத்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாஸ்கர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, அது ஓடலாம். இதுக்குப் புனர்பூஜை ஆகல. தூக்கிட்டு வேணா போங்க."

மூடுபனியில் ஒரு எல்க்

அவர் திரும்பி வந்தார். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கன்னம் வெயிலில் கறுத்து, நடையில் ஒரு நிதானத்தோடு கடைக்கு வந்தார். இறைச்சி எதுவும் கொண்டுவரவில்லை. என்ன நடந்தது என்று டேல் கேட்டார்.

கடைசி நாள் காலை, மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. எதிரில் கை தூரத்தில் இருப்பதுகூடத் தெரியவில்லை. துப்பாக்கி தோளில் இருப்பதையே மறந்து நடந்திருக்கிறார். அப்போது பனி ஓரிடத்தில் கெட்டியாகி, ஒரு எல்க் ஆயிற்று. பெரிய ஆண் மான், கிளை கிளையாகக் கொம்பு. அது விட்ட மூச்சு புகையாக வந்து இவர் முகத்தில் பட்ட மாதிரி இருந்ததாம். துப்பாக்கியைத் தூக்கினார். தலையை அசைக்கவே வேண்டியிருக்கவில்லை. விசையை அழுத்தினார். மான் அவரையே பார்த்தது. பிறகு திரும்பி, அவசரமில்லாமல், பனிக்குள் பனியாகப் போய்விட்டது. நண்பர் அப்போது மலையின் மறுபக்கம் இருந்தார். காற்றில் வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னாராம்.

குறி தவறிவிட்டது போல என்று டேல் ஆறுதல் சொன்னார். பாஸ்கர் டேலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நீங்க பயந்தீங்களே சார். உதைக்கவே இல்ல."

இதுதான் நான் சந்தேகப்பட்டது. அந்த எடைக்கு அந்தத் தோட்டா உதைக்காமல் இருக்க முடியாது. அதே போன்ற கட்டை போட்ட துப்பாக்கியில் ஒரு நாள் நானே சுட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் தோள் கன்றிக் கிடந்தது. டேலிடம் சொன்னால், மான் எதிரில் நிற்கும்போது எவனுக்கும் உதை தெரியாது, எனக்கே தெரிந்ததில்லை என்கிறார். அதுவும் உண்மைதான். சுத்தம் செய்யக் கொண்டுவந்த துப்பாக்கியின் குழல் நான் எண்ணெய் போட்டுக் கொடுத்த மாதிரியே இருந்தது. பாஸ்கரோ எதையும் துடைத்து வைக்கும் மனிதர். நான் விற்றது என்ன, அவர் வாங்கியது என்ன என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அந்த மலையில் அவர் யாருடைய சொல்லைக் காப்பாற்றினார், எதைக் கைவிட்டார், அல்லது எதையும் கைவிடவே இல்லையா? ஒரு வேட்டைக்காரரிடம் இதைக் கேட்பது மரியாதையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டால் வரப்போகும் பதில் எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அது எந்தப் பதில் என்றும் எனக்குத் தெரியாது.

பிறகு அவர்கள் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று கலிஃபோர்னியாவில் சான் ரமோனுக்குப் போய்விட்டார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஹூஸ்டன் வந்திருந்தார்கள். இந்தியக் கடைகள் நிறைந்த, காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்த பகுதியில் ஒரு சிற்றுண்டிக் கடையில் மூவரும் காப்பி குடித்தோம். பாஸ்கர் கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி நன்றாகவே இருந்தார். நளினி புடவைக் கடையில் எதையோ மாற்ற வேண்டும் என்று எழுந்து போனார். பாஸ்கர் அவர் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துப்பாக்கியிலிருந்து அரை கிலோவைக் கழிக்க எனக்கு ஒரு மத்தியானம் போதும், இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் இத்தனை வருடம் ஆனது:

"பாஸ்கர், அன்னிக்கு உள்ள தோட்டா போட்டிருந்தீங்களா?"