கேமராவுக்கு எதிரே

இந்த ஊரில் காலையில் யார் எதிரே வந்தாலும், யாரும் திரும்பிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவதில்லை. ஜெர்மனிக்கு வந்து குளிரையும் புளித்த ரொட்டியையும் பழகிக்கொண்டேன். இது மட்டும் இன்னும் பழகவில்லை. மாடி வீட்டு ஹில்டா என் வயதுக்காரி. புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. என் மகள் சுமதி ஆபீஸ் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் நாயோடு படியேறி வருவாள். "மோர்கன்" என்பாள், காலை வணக்கமாம். சுமதியும் "மோர்கன்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். கதவருகே நிற்கும் நான் அந்த எதிர்ச்சகுனத்தைப் பார்க்க மனசு ஒப்பாமல் சட்டென்று உள்ளே போய்விடுவேன். நாய்க்குப் பயந்து ஓடுகிறேன் என்று ஹில்டா நினைத்துவிட்டாள். ஒரு நாள் நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "கைன் ஹுண்ட்! கைன் ஹுண்ட்!" என்றாள். நாய் இல்லையாம். சிரித்து வைத்தேன்.

நான் சொல்லச் சொல்ல சுமதிதான் இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்துப் போட வரும். முடிந்ததும் கூட்டிப் படித்துப் பார்த்துத்தான் விடுவேன், ஒரு சொல்லும் மாறக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பம்மலில் தோல் பட்டறையில் கையுறை தைத்து அவளை இன்ஜினியர் ஆக்கியவள் நான். அவள் அப்பா இறந்த பிறகு, நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர் எதிரே நான் நின்றதில்லை. ஒதுங்கு என்று என்னை யாரும் சொன்னதும் கிடையாது. சொல்வதற்கு முன்னாலேயே நானே போய்விடுவேன். யார் வாயாலும் அதைக் கேட்கக் கூடாது என்கிற வீம்பு எனக்கு.

முடிச்சூரில் எங்களுக்கு ஒரே அறை. சுமதி சோழிங்கநல்லூர் பக்கம் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு இன்டர்வியூவுக்குப் போவாள். அவள் செருப்பு மாட்டும்போது நான் பின்பக்கம் துணி துவைக்கப் போய்விடுவேன். எதிர்வீட்டு மல்லிகா மஞ்சள் குங்குமத்தோடு எதிரே வருவாள். ஆனாலும் சாயங்காலம் சுமதி தொங்கிய முகத்தோடுதான் திரும்புவாள். "மரத்தைத் தலைகீழா திருப்பச் சொன்னாங்கம்மா, பாதியில நின்னுட்டேன்" என்றாள் ஒரு தடவை. "எந்த மரத்தைடி?" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். கம்ப்யூட்டர் கணக்கில் மரம் என்று ஒன்று இருக்கிறதாம். இருந்த வேலையும் போய், ஒவ்வொரு கம்பெனியாகக் கைவிட்ட பிறகுதான் இந்த ஜெர்மனி கம்பெனி வந்தது. கடைசிச் சுற்று வீடியோவில். "இது போனா இனிமே எங்கியும் எழுதிப் போடவே எனக்குத் தெம்பு இல்லம்மா" என்று சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு ஆடி மாசம். தெருமுனை ஸ்பீக்கரை மல்லிகா போய்ச் சண்டை போட்டு நிறுத்தினாள். மோட்டார் போடாதீர்கள் என்று மாடியில் சொன்னாள். லேப்டாப்பைத் திறக்கும்போதும் அவளே முதலில் எதிரே வந்து நின்றாள். சுமதி பின்பக்கம் முகம் கழுவப் போன நேரத்தில் நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, துணித் திரைக்குப் பின்னால் போனேன்.

"இன்னாக்கா, கம்ப்யூட்டருக்குக் கூடவா சகுனம்?" என்றாள் மல்லிகா.

"அதுலயும் மனுஷன் மூஞ்சிதானே வருது? நீ கெளம்புடி."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நானும் மல்லிகாவோடு வெளியே போயிருப்பேன் என்று, திரும்பி வந்த சுமதி நினைத்துக்கொண்டாள்.

பேச்சு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், கம்ப்யூட்டரில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். பக்கத்தில் ஆள் வைத்துப் பதில் சொல்கிறவர்கள் உண்டாம், அதனால் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாராம். சுமதி லேப்டாப்பைத் தூக்கிச் சுற்றினாள். திரைக்குக் கீழே என் கால் இரண்டும் தெரிந்திருக்கிறது. அவர் குரல் மாறிப்போனது எனக்கே புரிந்தது.

சுமதி திரையை விலக்கினாள். "அம்மா! இங்க இன்னா பண்றே?"

என் பெண்ணின் பிழைப்பு என் காலாலேயே போயிற்று என்று மட்டும் நினைத்தேன். சுமதி அந்த ஆளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அம்மா விதவை, நல்லது நடக்கும் இடத்தில் முன்னால் வரக் கூடாதென்று ஒளிந்துகொண்டார் என்று. அவர் முன்னால் சாய்ந்து என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"இன்னாடி சொல்றாரு?"

"முடியற வரைக்கும் நீ அவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி உக்காரணுமாம்."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். எந்தக் காரியத்திலும் முன்னால் வராத நான், அந்த இன்டர்வியூ முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால், கேமராவுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனியாமல் இருந்தேன். உள்ளே மட்டும் குலதெய்வத்தை விடாமல் கூப்பிட்டேன். முடியும்போது அவர் எனக்குக் கையசைத்தார்.

வேலை கிடைத்தது. மெயிலைப் படித்துவிட்டு சுமதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ பின்னாடி குந்திகினு முறைச்ச முறையில அந்தாளு பயந்துகினு குடுத்துட்டாரு" என்றாள். மல்லிகா விடவில்லை. "நானும்தான் இத்தினி நாளு எதிர்ல வந்தேன், ஒண்ணும் ஆவல. இனிமே எங்க வூட்டு விசேஷத்துக்கு நீயே வந்து நில்லுக்கா!"

போன வாரம் காலையில் சுமதி ஆபீஸ் கிளம்பினாள். இப்போதெல்லாம் அவள் என்னை எதிரே நிற்க வைத்துத்தான் கிளம்புகிறாள். நானும் வாசலில் நின்று கையாட்டினேன். அதே நேரம் தாம்பரத்திலிருந்து தங்கை மகள் ரேவதி வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே மத்தியானம், இன்டர்வியூவுக்குக் கிளம்பும் நேரம்.

"பெரிம்மா, ஒரே கறுப்பா கீது. உன் மூஞ்சி எங்க?"

பார்த்தால், என் கட்டைவிரல் தானாகப் போய் போனின் கேமராவை மூடியிருக்கிறது. இன்னொரு கை சுமதிக்கு ஆடிக்கொண்டேதான் இருந்தது. விரலை மெல்ல நகர்த்தினேன்.

"பாதிதான் தெரியுது பெரிம்மா."

அதற்கு மேல் விரல் வரவில்லை. ரேவதி அந்தப் பாதி முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பிப் போய் உட்காராமல், செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.